காயம் ஆறும் விதமும் தழும்பு விழும் காரணமும்



அறுவடை நேரத்தில் அரிவாள் விரலைப் பதம் பார்க்காத வீடு உண்டா? அடுப்படியில் கஞ்சி கொட்டிக் கையைச் சுட்டுக்கொள்ளாத தாய் உண்டா? காயம் படுவதும் ஆறுவதும் நமக்குப் புதிதல்ல. ஆனால் எல்லாக் காயமும் ஒரே மாதிரி ஆறுவதில்லை. இதைக் கவனித்திருப்பீர்கள்.

நாக்கைக் கடித்துக்கொண்டால் சில நாளில் இடமே தெரியாமல் போய்விடுகிறது. சின்ன வயதில் முழங்காலில் பட்ட அடியோ, பேரன் பேத்தி எடுத்த பிறகும் தழும்பாக நிற்கிறது. காது குத்திய இடத்தில் சில பிள்ளைகளுக்குக் கட்டி போல சதை வளர்கிறது. சிசேரியன் தையல் ஒருத்திக்கு நூல் போல மறைந்துவிடுகிறது. இன்னொருத்திக்குக் கயிறு போலத் தடித்து அரித்துக்கொண்டே இருக்கிறது.

"எல்லாம் உடம்பு வாகுங்க" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். உடம்பு வாகும் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. காயத்தை ஆற்றுவதற்கு உடம்பு ஏராளமான உயிரணுக்களை, அதாவது செல்களை, அந்த இடத்துக்கு அனுப்புகிறது. வேலைக்கு வந்த அந்தச் செல்கள், வேலை முடிந்ததும் தாமாகவே மடிந்து இடத்தைக் காலி செய்ய வேண்டும். நேரத்தோடு விலகினால் புண் நல்லபடி ஆறும். விலகாமல் தங்கிவிட்டால் தழும்பு தடிக்கும். இது விளங்கிவிட்டால் கைக்காயத்தை எப்படிப் பேணுவது, பிரசவத் தையலை எப்படிக் காப்பது, அடுத்த குழந்தைக்கு ஏன் இடைவெளி விட வேண்டும் என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

காயம் பட்டதும் உள்ளே என்ன நடக்கிறது?

மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைந்தால் ஊர் என்ன செய்யும்? முதலில் கையில் கிடைத்த மண் மூட்டையைப் போட்டு உடைப்பை அடைக்கும். அப்புறம் அடித்து வந்த செத்தை குப்பைகளை அள்ளிப்போடும். அதன் பிறகு மண் கொட்டிக் கரையைக் கட்டும். கடைசியில் கரையைச் சமன் செய்து உறுதியாக்கும். உடம்பும் இப்படித்தான் நான்கு கட்டமாக வேலை செய்கிறது.

முதல் கட்டம் சில நிமிடங்களில் முடிகிறது. அறுபட்ட இரத்தக் குழாய் சுருங்குகிறது. இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, இரத்தம் உறைந்து ஓட்டையை அடைக்கிறது. இதுதான் மண் மூட்டை.

இரண்டாவது கட்டம் சில மணி நேரத்தில் தொடங்குகிறது. ஒரு வகை வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து கிருமிகளைத் தாக்குகின்றன. இவை குறுகிய ஆயுள் கொண்டவை. இரண்டு மூன்று நாளில் அடுத்த வகை அணுக்கள் வருகின்றன. இவை கிருமியையும் குப்பையையும் விழுங்குபவை. காயத்தைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, சூடாக இருப்பதும் வலிப்பதும் இந்தச் சமயத்தில்தான். ஓரளவுக்கு இது நல்ல அடையாளமே.

மூன்றாவது கட்டம் நான்காம் நாள் வாக்கில் வலுக்கிறது. புண்ணின் அடியிலிருந்து சிவப்பாக, பொடிப்பொடியாகப் புதுச் சதை எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஏராளமான நுண்ணிய இரத்தக் குழாய்கள் இருக்கும். நார் நெய்யும் செல்களும் இருக்கும். அந்த நெசவுக்காரச் செல்களில் பல, தசையைப் போலச் சுருங்கும் சக்தி பெற்று, புண்ணின் இரு கரைகளையும் பிடித்து இழுத்து நெருங்க வைக்கின்றன. இந்தச் செல்களை 1971-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் ஜூலியோ காபியானி என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் கண்டறிந்து எழுதினார்கள்.

நான்காவது கட்டம் மிக நீண்டது. புண் மூடியபின் ஓராண்டு வரையோ அதற்கு மேலுமோ நடக்கும். மேலே பார்த்தால் ஆறிவிட்டது போலத் தெரியும். உள்ளே நார்கள் கலைக்கப்பட்டுத் திரும்ப அடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். தோல் காயத்தில் மூன்று வாரம் ஆன தழும்புக்கு, காயம் படாத தோலின் பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். எவ்வளவு காலம் ஆனாலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பலம் வருவதில்லை. "தையல் பிரிச்சாச்சு, இனி மூட்டை தூக்கலாம்" என்று கிளம்பிவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

செல்லும் தானாகச் சாகுமா?

"வேலை செஞ்ச செல்லு எங்க போகும்?" என்று நீங்கள் கேட்கலாம். கரை கட்ட வந்த ஆட்களுக்குத் திரும்பிப் போக வீடு இருக்கிறது. காயத்துக்கு வந்த செல்களில் பெரும்பாலானவற்றுக்குத் திரும்பிப் போக இடம் கிடையாது. அவை அந்த இடத்திலேயே மடிகின்றன.

செல் மடிவதில் இரண்டு விதம் உண்டு.

ஒன்று, அடிபட்டுச் சாவது. தீச் சுட்டாலோ, நசுங்கினாலோ, இரத்த ஓட்டம் நின்றாலோ செல் வீங்கி வெடிக்கிறது. உள்ளே இருந்தது எல்லாம் வெளியே கொட்டுகிறது. அக்கம்பக்கத்துச் செல்களும் கெடுகின்றன. வீக்கமும் எரிச்சலும் கூடுகின்றன.

மற்றொன்று, உடம்பே திட்டம் போட்டு நடத்தும் சாவு. இதில் செல் சத்தமில்லாமல் சுருங்குகிறது. தன்னைத்தானே சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டிக்கொள்கிறது. விழுங்கும் அணுக்கள் வந்து அந்தப் பொட்டலங்களைத் தின்று தீர்த்துவிடுகின்றன. எதுவும் சிந்துவதில்லை. வீக்கமும் இல்லை. வேப்பமரம் பழுத்த இலையை உதிர்ப்பது போலத்தான். மரம் காயப்படுவதில்லை; இலையின் காலம் முடிந்தது, உதிர்ந்தது.

இதை 1972-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்திலிருந்து கெர், வில்லி, கரி என்ற மூன்று விஞ்ஞானிகள் விளக்கி எழுதினார்கள். அவர்கள் இதற்கு வைத்த பெயர் 'அபாப்டோசிஸ்'. கிரேக்க மொழியில் இலையோ இதழோ உதிர்வதைக் குறிக்கும் சொல் அது. பிற்பாடு ஒரு மில்லி மீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவை வைத்து இந்தத் திட்டத்தை ஆராய்ந்தார்கள். அந்தப் புழு வளரும்போது 1,090 செல்கள் உண்டாகின்றன. அவற்றில் சரியாக 131 செல்கள் ஒவ்வொரு புழுவிலும் குறித்த நேரத்தில் மடிகின்றன. இந்த ஆராய்ச்சிக்காக பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகிய மூவருக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது.

புழுவை விடுங்கள். நம் குழந்தைகளையே பாருங்கள். தாய் வயிற்றில் கரு உருவாகும்போது கை முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்கும். விரல்களுக்கு நடுவில் உள்ள சவ்வின் செல்கள் திட்டப்படி மடிவதால்தான் ஐந்து விரலும் தனித்தனியாகப் பிரிகின்றன. ஆகவே சாவு என்றதும் பயப்பட வேண்டாம். இந்தச் சாவு இல்லாமல் நல்ல உடம்பே அமையாது.

காயத்திலும் இதே கதைதான். முதலில் வந்த வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொன்றபின் திட்டப்படி மடிகின்றன. விழுங்கும் அணுக்கள் அவற்றைத் தின்கின்றன. தின்றதும் "சண்டை முடிந்தது, இனி கட்டுமானத்தைப் பாருங்கள்" என்று சொல்வது போல இரசாயனச் செய்தி அனுப்புகின்றன. அதன் பிறகே வீக்கம் வடிகிறது. புண் மூடிய பிறகு நெசவுக்காரச் செல்களும், தேவைக்கு மேல் முளைத்த நுண் குழாய்களும் மடிகின்றன. இதை 1995-இல் காபியானி குழுவினர் எலிகளின் காயத்தில் காட்டினார்கள். புதுத் தழும்பு சிவப்பாக இருந்து மாதக்கணக்கில் வெளுத்துப்போவதைப் பார்க்கிறோமே, அந்தக் குழாய்கள் விடைபெறுவதன் அடையாளம்தான் அது.

தழும்பு என்றால் என்ன?

நல்ல தோலின் அடியில் நார்கள் கூடை முடைந்தது போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்கும். தழும்பில் நார்கள் வைக்கோல் கட்டு போல ஒரே திசையில் நெருங்கிக் கிடக்கும். அங்கே முடி முளைப்பதில்லை. வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அவசரத்துக்குப் போட்ட ஒட்டு அது.

உடம்பு அவசரப்பட்டதில் தவறில்லை. காயம் திறந்து கிடந்தால் கிருமி நுழையும், இரத்தம் போகும், உயிருக்கே ஆபத்து. அழகைவிட அடைப்பதுதான் முக்கியம். ஆகவே தழும்பைக் கண்டு வெட்கப்பட வேண்டியதில்லை.

தழும்பு விழாத இடங்களும் உண்டு

முதலாவது, தாய் வயிற்றில் இருக்கும் கரு. ஏறத்தாழ 24 வாரம் வரை கருவின் தோலில் காயம் பட்டால் தழும்பே இல்லாமல் ஆறுகிறது. 20 வாரக் கரு ஒன்றில் இப்படி ஆறியிருப்பதை 1979-இல் மருத்துவ ஏடு ஒன்று வெளியிட்டது. கருவின் காயத்துக்கு வரும் வெள்ளை அணுக்கள் குறைவு. வந்தவையும் வெகுநேரம் தங்குவதில்லை. நெய்யும் செல்கள் நிதானமாகக் கூடைப் பின்னலையே திரும்பவும் பின்னுகின்றன.

"பனிக்குட நீரின் மகிமையோ?" என்று தோன்றும். அதையும் சோதித்தார்கள். வளர்ந்த ஆட்டின் தோலை, தாய் வயிற்றில் இருக்கும் ஆட்டுக் கருவின் மேல் ஒட்டிவைத்து அதில் காயம் உண்டாக்கினார்கள். கருவோடு இருந்தும் அந்தத் தோலில் தழும்பு விழுந்தது. 1994-இல் வெளியான முடிவு இது. ஆக, மகிமை நீரில் இல்லை. கருவின் செல்களிடமே இருக்கிறது.

இரண்டாவது, வாயின் உட்புறம். அங்கே வீக்கம் சீக்கிரம் வந்து சீக்கிரம் அடங்குகிறது. அதனால் தழும்பு அதிகம் விழுவதில்லை.

மூன்றாவது இடம்தான் தம்பதியர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது: கர்ப்பப்பையின் உட்சவ்வு. மாதந்தோறும் கரு தங்காதபோது இந்தச் சவ்வின் மேலடுக்கில் உள்ள செல்கள் மடிந்து உதிர்கின்றன. இதுதான் மாதவிலக்கு. இந்தச் சவ்விலும் செல்கள் திட்டப்படி மடிகின்றன என்பதை 1976-லேயே ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மேலடுக்கு உதிர்ந்த இடம் உண்மையில் ஒரு பச்சைப் புண்தான். ஆனால் உதிரும்போதே புதுச் சவ்வு மூடத் தொடங்குகிறது. ஐந்தாறு நாளில் மூடிவிடுகிறது. ஒரு பெண்ணின் வாழ்நாளில் இப்படிச் சுமார் 400 முறை வரை நடக்கலாம். ஒரு தடவைகூடத் தழும்பு விழுவதில்லை. பிரசவத்தில் நச்சுக்கொடி பிரிந்த இடமும் அப்படியே தழும்பில்லாமல் ஆறுகிறது.

மாதவிலக்கு அசுத்தமும் இல்லை, தீட்டும் இல்லை. வேலை முடிந்த செல்கள் முறையாக விடைபெறும் நாட்கள் அவை. வளர்ந்த மனித உடம்பில் தழும்பின்றி ஆறுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

விலகாமல் தங்கிவிட்டால்?

புண்ணில் அழுக்கும் கிருமியும் இருக்கும்வரை வெள்ளை அணுக்கள் வந்துகொண்டே இருக்கும். மடிந்தவை அகற்றப்படாமல் தேங்கிச் சீழாகும். "சண்டை முடிந்தது" என்ற செய்தி போகாது. புண் இழுத்துக்கொண்டே போகும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு, மடிந்த செல்களை அகற்றும் வேலையே மந்தமாகிறது. கால் புண் ஆறாமல் மாதக்கணக்கில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெசவுக்காரச் செல்கள் மடியாமல் நின்றால் நாரை நெய்துகொண்டே இருக்கும். தழும்பு தடிக்கும். சிலருக்குக் காயத்தின் எல்லையையும் தாண்டி நல்ல தோலின் மேல் படரும். இதைக் 'கீலாய்டு' என்பார்கள். காது மடல், நெஞ்சு, தோள், மேல்முதுகு ஆகிய இடங்களில் அதிகம் வரும். கறுத்த நிறம் உடையவர்களுக்கும், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். அதன் செல்கள் மடிய வேண்டிய நேரத்தில் மடிவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இதைச் சும்மா அறுத்து எடுத்தால் போதாது. அறுத்த இடத்தில் திரும்ப, முன்னைவிடப் பெரிதாகவும் வளரக்கூடும். மருந்து ஊசி, அழுத்தக் கட்டு, சிலிக்கான் பட்டை போன்ற வழிகள் உண்டு. தோல் டாக்டரிடம்தான் போக வேண்டும். அப்பா அம்மாவுக்கு இந்த வாகு இருந்தால், குழந்தைக்குக் காது குத்துமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சுருங்கி இழுக்கும் செல்கள் வேலையை நிறுத்தாவிட்டால் தழும்பு சுருங்கும். கழுத்து, முழங்கை, விரல் இடுக்குகளில் பட்ட தீப்புண் இப்படி ஆறினால் கழுத்து திரும்பாது, கை நீளாது, விரல்கள் ஒட்டிக்கொள்ளும். பொதுவாக இரண்டு வாரத்துக்குள் ஆறும் தீப்புண்ணில் தழும்பு குறைவு. மூன்று வாரத்துக்கு மேல் இழுத்தால் தடித்த தழும்பு வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே தீப்புண்ணைத் தள்ளிப்போடக் கூடாது.

கர்ப்பப்பைச் சவ்வுக்கும் தழும்பு விழும்

400 தடவை தழும்பில்லாமல் ஆறும் சவ்வு என்று சொன்னோம். அந்தச் சக்தி அதன் அடியடுக்கில் இருக்கிறது. கரும்பை வெட்டினால் கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்கும். கட்டையையே தோண்டி எடுத்துவிட்டால் எது துளிர்க்கும்?

கருக்கலைப்புக்கென்று தகுதியில்லாதவர்களிடம் போய், அவர்கள் முரட்டுத்தனமாகச் சுரண்டினாலோ, அதில் கிருமி புகுந்தாலோ அடியடுக்கு அழிந்துபோகலாம். காசநோய் கர்ப்பப்பையைத் தாக்கினாலும் அப்படி ஆகலாம். பிறகு அங்கே தழும்பு விழுகிறது. முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கொள்கின்றன. மாதவிலக்கு குறையும் அல்லது நின்றுபோகும். குழந்தை தங்காது. 1948-இல் ஆஷர்மன் என்ற டாக்டர் இதை விரிவாக விளக்கினார். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். "பிள்ளை இல்லை" என்று பெண்ணைக் குறை சொல்லும் சில வீடுகளில் உண்மைக் காரணம் இந்தத் தழும்பாக இருக்கக்கூடும்.

1971-ஆம் ஆண்டுச் சட்டம், அது சொல்லும் காரணங்களுக்கும் கால வரம்புக்கும் உட்பட்டு, அங்கீகாரம் பெற்ற இடத்தில் தகுதியுள்ள டாக்டரிடம் கருக்கலைப்புச் செய்துகொள்ள அனுமதிக்கிறது. கூரிய கருவியால் சுரண்டுவதைவிட உறிஞ்சி எடுக்கும் முறையும், டாக்டர் மேற்பார்வையில் மாத்திரை முறையும் பாதுகாப்பானவை. ஒளிவுமறைவாக எங்கும் போகாதீர்கள். அதைவிட, வேண்டாத கர்ப்பம் வராமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது எல்லாவற்றிலும் மேல்.

சிசேரியன் தையலும் அடுத்த குழந்தையும்

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன் பிரசவங்கள். ஆகவே இது ஏறக்குறைய ஒவ்வொரு தெருவுக்கும் உரிய செய்தி.

சிசேரியனில் வயிற்றுத் தோல் மட்டும் அறுக்கப்படுவதில்லை. கர்ப்பப்பையின் தசைச் சுவரும் அறுத்துத் தைக்கப்படுகிறது. உட்சவ்வு தழும்பின்றி ஆறலாம். தசைச் சுவர் அப்படி ஆறுவதில்லை, தழும்பாகத்தான் ஆறும். வெளித்தழும்பு வெளுத்து அழகாக இருக்கிறது என்பதை வைத்து உள்தழும்பு உறுதியாகிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது.

அதற்குள் அடுத்த கர்ப்பம் வந்தால், வளரும் கர்ப்பப்பை அந்தத் தழும்பை இழுக்கும். பிரசவ வலியின்போது தையல் இடம் விட்டுப்போகும் அபாயம் கூடுகிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் அது உயிராபத்து. எனவே பிரசவம் ஆன பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு வருஷம் இடைவெளி விட வேண்டும். அதாவது இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே மூன்று வருஷம் இருப்பது நல்லது.

மாமியார் மாமனார், "அடுத்தது எப்ப?" என்று ஆசையாகக் கேட்பார்கள். "உள்தையல் உறுதியாகட்டும் அத்தை" என்று கணவன் சொன்னால் மனைவிக்கு எவ்வளவு பாரம் குறையும்! இந்தப் பதிலை மனைவி மட்டும் சொல்லும்படி விடக் கூடாது.

இடைவெளிக்கு வழிகள் பல. சிசேரியன் நடக்கும்போதே காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம், வேண்டியபோது எடுத்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசி உண்டு. ஆணுறை உண்டு. மாத்திரையில் சில வகை பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் ஆகாது. அதனால் நர்ஸைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

போதுமான குழந்தைகள் பிறந்தபின், ஏற்கெனவே வயிற்றில் தழும்பு சுமப்பவளையே மறுபடியும் அறுக்க வேண்டுமா என்று கணவன்மார் யோசிக்க வேண்டும். தழும்பில்லா வாசக்டமி என்பது ஆண்களுக்கான குடும்ப நலச் சிகிச்சை. 1974-இல் சீனாவில் லீ ஷுன்சியாங் என்ற டாக்டர் கண்டுபிடித்த முறை. கத்தி கிடையாது, பொத்தல் போடுவது போல ஒரு சிறு துளைதான், தையலும் பெரும்பாலும் தேவைப்படாது. துளை சிறிது என்பதால் அங்கே வர வேண்டிய செல்களும் குறைவு, தழும்பும் இல்லை என்றே சொல்லலாம். ஆண்மை குறையாது. உழைப்புக்கும் குறைவில்லை. சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதம் வேறு தடுப்பு முறை வேண்டும். விந்துவைச் சோதித்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

செல்களின் வேலையை நாம் செய்ய முடியாது. அவற்றின் வேலையைக் கெடுக்காமல் இருக்க முடியும்.

1. வெட்டுக் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் நின்றதும் ஓடும் நீரில் கழுவுங்கள். சுற்றியுள்ள தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

2. சாணம், சாம்பல், காப்பித்தூள், சுண்ணாம்பு, புகையிலை எதையும் வைக்காதீர்கள். அவை கிருமியைக் கொண்டுவரும், சண்டை ஓயாது, தழும்பு தடிக்கும். தனுர்வாதம் வந்தால் உயிரே போகும்.

3. மண்ணிலோ சாணத்திலோ துருவிலோ பட்ட காயம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். கர்ப்பிணிகள் தமக்குரிய ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். இத்தகைய தடுப்பூசியாலும் சுத்தமான பிரசவத்தாலும்தான் பச்சைக் குழந்தைகளின் தனுர்வாதம் இந்தியாவில் பெரும்பாலும் ஒழிந்தது என்று 2015-இல் உறுதி செய்யப்பட்டது. குழந்தையின் தொப்புளில் எண்ணெய், மஞ்சள், சாம்பல் வைக்காமல் உலர்வாக விடுங்கள்.

4. தீப்புண்ணுக்கு உடனே சாதாரணக் குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, மை, மாவு, எண்ணெய் தடவாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். விரல்களைத் தனித்தனியாகக் கட்ட வேண்டும். ஆறும்போது டாக்டர் சொல்லும் பயிற்சியைச் செய்யாவிட்டால் மூட்டு மடங்கி நின்றுவிடும்.

5. பொருக்கைப் பிய்க்காதீர்கள். ஒவ்வொரு தடவை பிய்க்கும்போதும் புதுக்காயம். வேலை முதலிலிருந்து ஆரம்பம்.

6. "பருப்பு சாப்பிட்டா தையல் சீழ் பிடிக்கும்" என்று தாய்க்கு மிளகு ரசமும் சோறுமாகப் பத்தியம் வைப்பது தவறு. புதுச் சதை எதிலிருந்து உண்டாகும்? பருப்பு, பயறு, முட்டை, மீன், பால், கீரை தாராளமாகக் கொடுங்கள். நார் நெய்வதற்கு வைட்டமின் சி தேவை. நெல்லிக்காயிலும் கொய்யாப்பழத்திலும் அது நிறைய உண்டு.

7. பீடி, சிகரெட், புகையிலை இரத்த ஓட்டத்தைக் குறைத்துப் புண்ணைத் தாமதப்படுத்தும். காயம் ஆறும்வரையாவது விடுங்கள். விட்டதை அப்படியே விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

8. சிசேரியன் ஆனவள் ஆறு வாரம் தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, நெல் மூட்டை தூக்கக் கூடாது. குடத்தைக் கணவன் எடுத்தால் கௌரவம் குறையாது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலியும் சிவப்பும், நாற்றமுள்ள சீழ், தையல் விட்டுப்போதல், பிரசவத்துக்குப் பின் துர்நாற்றத்துடன் தீட்டுப் போதல், அளவுக்கு மீறிய இரத்தப்போக்கு, தாடை இறுகி வாய் திறக்க முடியாமை — இவற்றில் ஒன்று கண்டாலும் காத்திராதீர்கள். வண்டிக்கு 108-க்குப் போன் செய்யுங்கள். முன்பு சிசேரியன் ஆனவள் மறுபடி கர்ப்பமானால் முதல் மாதங்களிலேயே பதிவு செய்து, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி, பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முடிவாக ஒரு வார்த்தை

கரை உடைந்தபோது ஓடிவந்த ஊர், கரை கட்டியானதும் கலைந்து போனால்தான் வயலில் வேலை நடக்கும். நம் செல்களுக்கும் அதே ஒழுங்கு உண்டு: அழைத்ததும் வரும், வேலை முடிந்ததும் உதிரும். நாம் கொடுக்க வேண்டியவை மூன்றே மூன்று: சுத்தம், நல்ல உணவு, போதிய காலம். கைப்புண்ணுக்குச் சில வாரம்; கர்ப்பப்பைத் தையலுக்கு இரண்டு வருஷம்.

இதைப் படித்தவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார நர்ஸைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே போய்க் கேளுங்கள்.

சுத்தம் காப்போம்! இடைவெளி காப்போம்! தாயைக் காப்போம்!